வெயிலில் பறக்கும் விமானத்துக்கு வெயிலே தரும் மின்சாரம்



நடுப்பகலில் பால்மரங்களுக்கு மேலே பருந்து வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கையை அடிக்காமலே அது உயர உயரப் போகிறது. வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்றுதான் அதைத் தூக்குகிறது.

இதே முறையில் மனிதரைச் சுமந்து பறப்பது கிளைடர் விமானம். அதற்கு இயந்திரம் கிடையாது. கயிற்றால் இழுத்து மேலே விட்டால், பிறகு காற்றே துணை. ஹான்ஸ் வெர்னர் குரோசே என்பவர் 1972ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லூபெக் நகரிலிருந்து பிரான்சின் பியாரிட்ஸ் வரை, 1,460 கிலோமீட்டர் இப்படியே பறந்தார்.

காரில் இயந்திரம் ஓட ஓட பேட்டரியில் மின்சாரம் ஏறும். கிளைடரில்தான் இயந்திரமே இல்லையே! காலையில் கொண்டுபோகும் 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் மின்கருவிகள் எல்லாம். 7 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து கருவிகள் 1 ஆம்பியர் எடுத்தால், கணக்குப்படி 7 மணி நேரம் வரும். மேலே உள்ள குளிரில் இன்னும் சீக்கிரமே தீரும். நீண்ட பயணமோ 8 மணி, 10 மணி நேரம்.

பேட்டரி தீர்ந்தால் விமானம் விழுந்துவிடாது. வேகத்தையும் உயரத்தையும் காட்டும் சாதாரணக் கருவிகளுக்குக் காற்றழுத்தமே போதும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. காற்று எழும் இடத்தில் பல கிளைடர்கள் நெருங்கி வட்டமிடும். அவை மோதாதிருக்க ஒன்றுக்கொன்று வானலையில் எச்சரிக்கும் ஃபிளார்ம் என்ற கருவி 2004ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் அறிமுகமானது. மின்சாரம் நின்றால் அது ஊமையாகிவிடும். பேச உதவும் வானொலியும் அப்படியே.

அதனால் விமானி அமரும் இடத்துக்குப் பின்னே, விமானத்தின் முதுகில், மெல்லிய சூரியத் தகட்டைப் பதிக்கிறார்கள். ஒரு சில்லு தருவது ஏறக்குறைய அரை வோல்ட்தான். ஆகவே 36 சில்லுகளை வரிசையாகக் கோக்கிறார்கள். பேட்டரிக்கு அளவுக்கு மேல் மின்சாரம் ஏறாமல் தடுக்க, இடையில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. மேகம் மறைத்தாலோ சில்லுகளில் நிழல் விழுந்தாலோ மின்சாரம் குறையும். சராசரியாக அரை ஆம்பியர் கிடைத்தாலும் போதும். 7 மணி நேரப் பேட்டரி 14 மணி நேரம் வரும்!

ஆனாலும் தகடு இருக்கிறதே என்று முதல்நாள் இரவு பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற மறக்கக்கூடாது. தகடு துணைதான், முதல் காவல் பேட்டரியே.

விமானத்தைத் தூக்கும் அதே வெயில், விமானியின் உயிருக்கும் காவல் நிற்கிறது. நாளை பருந்தைப் பார்க்கும்போது, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.