எந்த இடம் கொடுத்தாலும் ஆடின பையன்: புகாயோ சாகாவோட முதல் சில வருஷங்கள்

(எபிசோட்ல பேசினதை, வாசிக்க வசதியா கொஞ்சம் திருத்திக் கொடுத்திருக்கோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு ப்ளேயர். அதுவும் அவரோட ஆரம்ப வருஷங்கள் மட்டும். புகாயோ சாகா.

பேரைச் சொன்னதும் பாதி பேருக்கு 2021ல நடந்த யூரோ ஃபைனல் பெனால்டி ஞாபகம் வரும். மீதி பேருக்கு, ரைட் விங்ல பந்தை வாங்கி, உள்ள வெட்டி, இடது காலால தூர போஸ்ட்டைப் பார்த்து அடிக்கிற ஷாட் ஞாபகம் வரும். பெனால்டியைப் பத்தியும் பேசப் போறேன். ஆனா எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச பகுதி வேற. இன்னைக்கு உலகத்தோட நல்ல ரைட் விங்கர்கள்ல ஒருத்தரா இருக்கிற இவர், ஆர்சனல் டீமுக்குள்ள நிலையா ஒரு இடம் பிடிச்சது லெஃப்ட் பேக்கா. எதிர்ப் பக்கம், டிஃபென்ஸ். அது எப்படி நடந்துச்சு, அதனால அவருக்கு என்ன கிடைச்சது, அதுக்கு என்ன விலை? இதுதான் இன்னைக்கு விஷயம்.

வரிசையில கடைசி ஆள்

சாகா பிறந்தது 2001 செப்டம்பர் 5, மேற்கு லண்டன்ல ஈலிங். அப்பா அம்மா நைஜீரியாவுல இருந்து வந்தவங்க. ஏழெட்டு வயசுலயே ஆர்சனலோட ஹேல் எண்ட் அகாடமிக்குள்ள வந்துட்டார். ஹேல் எண்ட் இருக்கிறது வடகிழக்கு லண்டன். அதாவது வீடு நகரத்தோட ஒரு கோடி, கிரவுண்டு இன்னொரு கோடி.

முதல் சீனியர் மேட்ச் 2018 நவம்பர் 29. யூரோப்பா லீக்ல உக்ரைனோட வோர்ஸ்க்லா போல்டாவா டீமுக்கு எதிரா, கீவ் நகரத்துல. பையனுக்கு வயசு 17, சட்டை நம்பர் 87. சப்ஸ்டிட்யூட்டா உள்ள வந்தார். அடுத்தது 2019 ஜனவரி 1, ஃபுல்ஹாமுக்கு எதிரா கடைசி சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்துல பிரீமியர் லீக்ல ஆடின, 2001ல பிறந்த முதல் ஆள் ஆயிட்டார். ரெக்கார்டு புக்ல பேர் வந்துருச்சு. ஆனா டீம்ல இடம் வரலை.

ஏன்னா அந்த வரிசையைப் பாருங்க. 2019 கோடையில ஆர்சனல் 72 மில்லியன் பவுண்டு கொடுத்து நிக்கோலா பெப்பேயை வாங்குது. அந்த கிளப் அதுவரைக்கும் யாருக்கும் கொடுக்காத தொகை. அவர் விங்கர். பிரேசில்ல இருந்து மார்ட்டினெல்லி வர்றார், அவரும் விங்ல ஆடுவார். ஔபமயாங்கையும் பல மேட்ச்ல லெஃப்ட்ல போட்டுட்டு இருந்தாங்க. அதே அகாடமியில இவருக்கு முன்னாடி பேசப்பட்ட ரீஸ் நெல்சன், ஜெர்மனியில ஹொஃபன்ஹைம்ல லோன் முடிச்சுத் திரும்பி வந்திருந்தார். ஒரு கதவு திறந்துச்சு. இவோபியை எவர்ட்டனுக்கு வித்துட்டாங்க.

அந்த இடைவெளியில செப்டம்பர் 19ஆம் தேதி ஃப்ராங்ஃபர்ட் மேட்ச் வருது. ஆர்சனல் 3-0 ஜெயிக்குது. சாகா ஒரு கோல், ரெண்டு அசிஸ்ட். வயசு 18 ஆகி ரெண்டு வாரம்தான். பதினொரு நாள் கழிச்சு ஓல்ட் ட்ராஃபோர்டுல பிரீமியர் லீக் மேட்ச்ல ஸ்டார்ட். அங்கயும் ஔபமயாங் கோலுக்கு பாஸ் இவர் காலில இருந்துதான். சரி, இனிமே விங்கர்தான்னு நினைப்பீங்க. இல்லை.

யாரும் இல்லாத இடம்

நவம்பர் கடைசியில கோச் எமரியை அனுப்பிடறாங்க. இடைக்காலக் கோச்சா வர்றவர் ஃப்ரெடி லியூங்பெரி. அகாடமியில சாகாவைத் தெரிஞ்ச ஆள். அந்த டிசம்பர்ல லெஃப்ட் பேக் டியர்னி தோள்பட்டை கழண்டு பல மாசம் அவுட். இன்னொரு லெஃப்ட் பேக் கொலாசினாச்சும் காயம். இடது கால் ஆள் யார் மிச்சம்? ஒரு விங்கர் பையன்.

டிசம்பர் 12, பெல்ஜியத்துல ஸ்டாண்டர்ட் லியேஜுக்கு எதிரா சாகாவை லெஃப்ட் பேக்ல நிறுத்தறாங்க. ஆர்சனல் 2-0 பின்னாடி. கடைசி பதினஞ்சு நிமிஷத்துல சாகாவோட கிராஸ்ல லக்கஸெட் தலையால ஒரு கோல். மூணு நிமிஷத்துல சாகாவே ஒண்ணு. 2-2. அடுத்த வாரம் புது கோச்சா ஆர்டெட்டா வர்றார். அவரோட முதல் மேட்ச்லயும் சாகா லெஃப்ட் பேக்தான். அந்த சீசன்ல ரொம்ப நாள் அப்படியே போகுது.

இங்க கொஞ்சம் நிறுத்தி டாக்டிக்ஸ் பேசணும். பேருக்குத்தான் அது லெஃப்ட் பேக். பந்து ஆர்சனல்கிட்ட வந்ததும், மிட்ஃபீல்டர் ஷாக்கா பின்னாடி இறங்கி, சாகா விட்டுட்டுப் போற இடத்துல நிப்பார். முன்னாடி ஔபமயாங் கோலை நோக்கி உள்ள நகருவார். இப்போ அந்த இடது ஓரம் மொத்தமும் காலி. அதுல ஓடி வர்றது சாகா. ஆக, வேலை டிஃபென்ஸ்ல ஆரம்பிக்கும், விங்ல போய் முடியும். பையனை டிஃபெண்டரா மாத்தலை. அவனால எது முடியுமோ அது வெளிய வர்ற மாதிரி மத்தவங்களை நகர்த்தினாங்க. இந்த வித்தியாசம் முக்கியம். கடைசியில திரும்ப இதுக்கு வருவேன்.

2020 பிப்ரவரியில நியூகாசில் மேட்ச். டிஃபெண்டரோட ரெண்டு காலுக்கு நடுவுல பந்தைத் தள்ளிட்டு, சாகா பெப்பேக்கு கொடுத்த அசிஸ்ட் இருக்கே, தேடிப் பாருங்க. போட்டது லெஃப்ட் பேக், அடிச்சது 72 மில்லியன் விங்கர்.

டிஃபென்ஸ்ல நின்னு என்ன கத்துக்கிட்டார்?

பொதுவா சின்ன வயசு விங்கர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும். கோட்டுல நின்னுக்கிட்டு, முதுகைக் கோல் பக்கம் காட்டி, பந்து வரட்டும்னு காத்திருப்பாங்க. வாங்கித் திரும்பறதுக்குள்ள டிஃபெண்டர் ஒட்டிருவார். லெஃப்ட் பேக்குக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மொத்த ஆட்டமும் கண்ணு முன்னாடி நடக்குது. எப்போ ஓடணும், எப்போ நிக்கணும்ங்கிறதை அவன் முகத்துக்கு நேரா பார்த்துக் கத்துக்கறான்.

இன்னொண்ணு, ஒவ்வொரு வாரமும் எதிர் டீம் விங்கர் இவர் முன்னாடி வந்து நிப்பார். எந்த விங்கர் தொல்லை, எந்த விங்கர் சுலபம்னு தெரிஞ்சுரும். எப்பவும் ஒரே பக்கம் போற ஆளை அடக்கிரலாம். உள்ளயும் போவான், வெளியவும் போவான்னா, டிஃபெண்டர் காலை எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிப்பார். இப்போ சாகா ரைட்ல ஆடறதைப் பாருங்க. இடது காலுக்கு உள்ள வெட்டறாரா, வலது காலுக்கு வெளிய போறாரான்னு கடைசி நொடி வரைக்கும் தெரியாது. அந்த டிஃபெண்டர் என்ன யோசிக்கிறார்னு இவருக்குத் தெரியும். ஏன்னா அந்த இடத்துல இவரே நின்னிருக்கார்.

மூணாவது விஷயம் ரொம்ப சாதாரணம். டிஃபென்ஸ்ல திரும்பி ஓடுவார்ங்கிற நம்பிக்கை. கோச்சுக்கு அது இருந்தா, கோல் அடிக்காத வாரத்துலயும் பேர் டீம் ஷீட்ல இருக்கும்.

2020 ஜூலை 1 புது கான்ட்ராக்ட். மூணு நாள் கழிச்சு வுல்வ்ஸுக்கு எதிரா முதல் பிரீமியர் லீக் கோல். அடுத்த சீசன் நம்பர் 77 போய் 7 வருது. அக்டோபர்ல வேல்ஸுக்கு எதிரா இங்கிலாந்துக்கு முதல் மேட்ச், அதுவும் லெஃப்ட்ல விங் பேக்கா! டிசம்பர் 26 செல்சி மேட்ச்லதான் நாம இப்போ பார்க்கிற சாகா தெரியறார். ரைட் விங், இடது கால். அவர் ஒரு கோல், டீம் 3-1. ஒரு வருஷம் முன்னாடி அதே தேதியில ஆர்டெட்டாவோட முதல் மேட்ச்ல லெஃப்ட் பேக்.

பத்தொன்பது வயசுல அஞ்சாவது பெனால்டி

இப்போ அந்த ராத்திரி. 2021 ஜூலை 11, வெம்ப்ளி, இத்தாலிக்கு எதிரா ஃபைனல். பெனால்டி ஷூட்அவுட். ராஷ்ஃபோர்டு அடிச்சது போஸ்ட்ல பட்டுச்சு, சாஞ்சோ அடிச்சதை டோன்னரும்மா பிடிச்சார். அஞ்சாவது ஆள் சாகா. சீனியர் ஃபுட்பால்ல அதுவரைக்கும் ஒரு பெனால்டி கூட அடிச்சதில்லை. டோன்னரும்மா தடுத்துட்டார். இத்தாலி 3-2.

யார் எந்த வரிசையில அடிக்கணும்னு முடிவு பண்ணது நான்தான், பொறுப்பும் என்னுதுன்னு கோச் சவுத்கேட் அன்னைக்கே சொன்னார். ஆனா போன்ல வந்த இனவெறி மெசேஜ் எதுவும் அவருக்குப் போகலை. மூணு கறுப்பினப் பசங்களுக்குத்தான் போச்சு. பெனால்டி போன அந்த நொடியிலேயே தனக்கு என்ன வரப் போகுதுன்னு தெரிஞ்சதா சாகா அப்புறம் எழுதினார். ஒரு 19 வயசுப் பையன், ஃபைனல் தோத்த அந்த வினாடியில, தோத்ததை யோசிக்க முன்னாடி இதை யோசிக்க வேண்டியிருந்தது. இதுக்கு மேல நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லணும். அவருக்கு வந்த கடிதங்களை ஒரு சுவர் முழுக்க ஒட்டி வெச்சு ஆர்சனல் அவருக்குக் காட்டுச்சு. ஆகஸ்ட்ல டாட்டன்ஹாம் ஸ்டேடியத்துல நட்பு ஆட்டம். பரம வைரி டீம். சாகா உள்ள வந்தப்போ அவங்க ரசிகர்கள் எழுந்து கைதட்டினாங்க. 2022 ஏப்ரல் 20, செல்சி கிரவுண்டுல ஒரு பெனால்டி கிடைக்குது. சாகாவே பந்தை எடுத்துட்டுப் போறார். கோல். மூணு நாள் கழிச்சு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரா இன்னொண்ணு. அதுவும் கோல்.

விலை

இப்போ நான் ஆரம்பத்துல கேட்ட கடைசிக் கேள்வி.

எங்க போட்டாலும் ஆடுவான், எப்போ கூப்பிட்டாலும் வருவான். சாகா உள்ள வந்தது இதனாலதான். ஆனா இந்தக் குணம் இருக்கிற ஆளை யாரும் உட்கார வைக்க மாட்டாங்க. பிரீமியர் லீக்ல தொடர்ச்சியா 87 மேட்ச் ஆடினார். ஆர்சனல்ல அதுவரைக்கும் யாரும் செய்யாதது. 2023 அக்டோபர்ல ஹாம்ஸ்ட்ரிங் பிடிச்சதும்தான் அந்தத் தொடர் நின்னுச்சு. 2024 யூரோல ஸ்லோவாக்கியாவுக்கு எதிரா இக்கட்டான நேரத்துல இங்கிலாந்து என்ன பண்ணுச்சு? மறுபடியும் இவரைத் தூக்கி லெஃப்ட் பேக்ல போட்டுச்சு. அடுத்த மேட்ச்ல சுவிட்சர்லாந்துக்கு எதிரா 80வது நிமிஷத்துல சமன் பண்ண கோலும் இவருது, ஷூட்அவுட்ல ஒரு பெனால்டியும் இவருது. அந்த டிசம்பர்ல ஹாம்ஸ்ட்ரிங் கிழிஞ்சு ஆபரேஷன். மூணு மாசத்துக்கு மேல வெளிய. 2025 ஏப்ரல் 1, ஃபுல்ஹாமுக்கு எதிரா திரும்பி வந்து, வந்த அன்னைக்கே கோல்.

ஹாம்ஸ்ட்ரிங் கிழியறதுக்கு ஒரே ஒரு காரணத்தைக் கைகாட்ட முடியாது. ஆனா 18 வயசுல இருந்து ஓய்வே இல்லாம ஓடின கால் அது.

கேட்கற உங்கள்ல நிறைய பேர் முதல் வேலையில, ரெண்டாவது வேலையில இருப்பீங்க. ஒவ்வொரு டீம்லயும் இப்படி ஒரு ஆள் இருப்பாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா போன் எடுக்கிறவங்க. தன்னோட வேலை இல்லைன்னாலும் கோடைத் திறந்து பார்க்கிறவங்க. அது நீங்களாவும் இருக்கலாம். சாகா கதையை வெச்சு, கிடைச்சதைச் செய், எல்லாம் சரியா வரும்னு ஒரு மெசேஜ் சொல்லிரலாம். எனக்கு அது முழுசா சரின்னு படலை.

லெஃப்ட் பேக் வேலை சாகாவுக்கு நல்லதா முடிஞ்சதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, அந்த இடத்துலயும் அவரோட பலம் வெளிய வர்ற மாதிரி பக்கத்துல ஒரு ஷாக்கா நின்னார். ரெண்டு, அது ஒரு வருஷத்துல முடிஞ்சது. திரும்ப முன்னாடி கொண்டு வந்தாங்க. இந்த ரெண்டும் இல்லாம, ஆள் பத்தலைன்னு போட்ட இடத்துலயே வருஷக்கணக்கா நின்னிருந்தா, இன்னைக்கு நான் இந்த எபிசோட் பண்ணிட்டு இருக்க மாட்டேன்.

அதனால உங்களுக்கு ஒரு வேற வேலை வந்தா, மாட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் பாருங்க. நீ முன்னாடி ஓடு, பின்னாடி நான் பார்த்துக்கறேன்னு சொல்ல ஆள் இருக்கா? திரும்பி வர்றதுக்குத் தேதி இருக்கா? இருந்தா தாராளமா இறங்குங்க, நிறைய கத்துப்பீங்க. மூணாவதா ஒண்ணு, தொடர்ச்சியா எத்தனையாவது மேட்ச் ஆடிட்டு இருக்கீங்கன்னு யாராவது எண்ணுறாங்களான்னு பாருங்க. யாரும் எண்ணலைன்னா, நீங்க எண்ணுங்க.

உங்க டீம்ல அந்த 'லெஃப்ட் பேக்' யாருன்னு கமென்ட்ல சொல்லுங்க. இதை அவங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.