குளிர்ந்த இடத்தில் வெப்பமண்டலத் தோட்டம்: நாற்றங்கால் உழவர்கள் கவனத்திற்கு

(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி உழவர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



குளிர்ந்த இடத்தில் வெப்பமண்டலத் தோட்டம் அமைப்பது பற்றி இன்று பேசப்போகிறேன். "எங்கள் ஊரில் ஏது ஐயா குளிர்? சித்திரை வெயிலில் தரையில் கால் வைக்க முடியவில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்டு முழுவதும் குளிராக இருக்கும் இடம் ஒன்று உங்கள் வயலுக்கு அடுத்த மதிற்சுவருக்கு உள்ளேயே இருக்கிறது. தொழிற்சாலை அலுவலகத்தின் குளிர்சாதனக் கூடத்தைத்தான் சொல்கிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு கார் உற்பத்தி தொடங்கியது. 2010ஆம் ஆண்டு ஒரகடத்திலும் கார் தொழிற்சாலை வந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் பலவும் கைமாறிவிட்டது. உங்களில் பலருக்கு இன்று மிச்சமிருப்பது ஐம்பது சென்ட், ஒரு ஏக்கர்தான். அந்தச் சிறு நிலத்தில் ஐந்து சென்ட்டை அழகுச் செடி நாற்றங்காலுக்கு ஒதுக்கினால் என்ன என்று பலர் கேட்கிறீர்கள். ஒதுக்கலாம். ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு ஒதுக்க வேண்டும். செடி பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பது வேறு; போகும் இடத்தை அது தாங்குமா என்பது வேறு. இதை அறியாமல் விற்பவர் ஒரு முறைதான் விற்பார்.

தோற்றம் எதனால் வருகிறது?

வெப்பமண்டலத் தோட்டம் என்றதும் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? வாழை இலைபோல் அகன்ற இலை, பனை ஓலைபோல் விசிறியாக விரிந்த இலை, பெரணிபோல் இறகாகப் பிரிந்த இலை, குரோட்டன்ஸ் போல் பல நிற இலை. ஆக, அந்தத் தோற்றத்தைத் தருவது பெரும்பாலும் இலைதான், பூ அடுத்தபடிதான். அகன்ற இலையும் விசிறி இலையும் வெப்ப நாட்டுச் செடிகளுக்கு மட்டும் சொந்தமல்ல. குளிரைத் தாங்கும் செடிகளிலும் அவை உண்டு. குளிர்ந்த இடத்தில் இந்தத் தோட்டம் அமைப்பதன் இரகசியம் இவ்வளவுதான்.

நீலகிரி கற்பிக்கும் பாடம்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் சாலை இதற்கு நல்ல பாடப் புத்தகம். அடிவாரத்தில் கல்லாறு பழப்பண்ணையும் அதற்கு மேலே பர்லியாறு பழப்பண்ணையும் உள்ளன. இங்கெல்லாம் மங்குஸ்தான், சாதிக்காய், கிராம்பு ஆகியவை செழித்து வளர்ந்து காய்க்கின்றன. மேலே ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பம் குறைகிறது. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அங்கே மங்குஸ்தான் இல்லை. ஆனால் மரப்பெரணிகள் குடைபோல் விரிந்து நிற்பதைப் பார்ப்பவர் வெப்பக் காட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று நினைப்பார்.

உதகை அரசு தாவரவியல் பூங்கா 1848ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. அது 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் அந்தப் பகுதியின் புல்வெளிகளில் உறைபனி படியும். அங்கே குளிர் தாங்கும் மரம் செடிகள் வெளியே நிற்கின்றன. தாங்காதவற்றுக்குக் கண்ணாடி வீடு கொடுத்திருக்கிறார்கள். வழி இரண்டுதான். தாங்கும் செடியை வைக்க வேண்டும். அல்லது தாங்காத செடிக்குக் காப்புக் கொடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

மேல்நாட்டாரும் இதைப் பட்டுத்தான் அறிந்தார்கள். இங்கிலாந்துக்குத் தென்மேற்கே கடலில் டிரெஸ்கோ என்ற தீவு உள்ளது. அங்கே குளிர் குறைவு என்பதால் 1834ஆம் ஆண்டு முதல் வெப்ப நாட்டுச் செடிகளைச் சேர்த்துப் பெரிய தோட்டம் வளர்த்தார்கள். 1987 ஜனவரியில் வந்த கடுங்குளிரில் அதன் செடிகளில் பெரும்பகுதி மடிந்துபோயிற்று. அதே நாட்டின் கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தில் 1993ஆம் ஆண்டு பழைய ரோஜாத் தோட்டத்தை எடுத்துவிட்டு வாழை, கல்வாழை முதலியவற்றை நட்டார்கள். அங்கே குளிர்காலம் வருமுன் தாங்காத செடிகளைத் தோண்டி உள்ளே எடுத்து வைப்பதும், வாழைத் தண்டைச் சுற்றிக் காப்புக் கட்டுவதும் வழக்கமான பண்ணை வேலை. கனடாவில் வாழும் நம் தமிழர்கள் கறிவேப்பிலையையும் முருங்கையையும் தொட்டியில் வளர்த்து, குளிர்காலத்தில் வீட்டுக்குள் தூக்கி வைப்பதும் இதே முறைதான்.

மலைப்பகுதிக்குச் செடி கேட்டு வந்தால்

பெங்களூர் நெடுஞ்சாலை உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. மலைப்பகுதி விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் செடி வாங்குபவர் உங்களிடம் வரலாம். அப்போது முதலில் கேட்க வேண்டியது, "எந்த ஊரில் நடப்போகிறீர்கள்? அங்கே உறைபனி விழுமா?" என்பதே.

அக்ளோனிமா, டிஃபன்பேக்கியா, கலாத்தியா, ஹெலிகோனியா போன்றவை உறைபனிக்கு முன்பே, ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழேயே பாதிக்கப்படும். இலையில் நீர் கோத்தது போன்ற திட்டுகள் தோன்றிப் பிறகு கறுக்கும். குளிர்ந்த ஈர மண்ணில் வேர் அழுகும். நம் பூவன், ரஸ்தாளி வாழைகளும் அங்கே வளர்ச்சி நின்று தவிக்கும்.

இவற்றுக்குப் பதிலாகக் கல்வாழை, சைகஸ், சீன விசிறிப்பனை, பறவைப்பூ எனப்படும் ஸ்டிரெலிட்சியா, பெரிய பிளவு இலை ஃபில்லோடெண்ட்ரான் ஆகியவற்றைச் சொல்லலாம். கல்வாழையின் மேற்பகுதி பனியில் கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பிழைத்து மறுபடி துளிர்க்கும். கடும் உறைபனி விழும் இடங்களுக்கு டிராக்கிகார்ப்பஸ் என்னும் விசிறிப்பனையும், ஜப்பானிய நார்வாழையும் ஏற்றவை. இவ்விரண்டும் நம் சமவெளி வெயிலில் நன்றாக வளர்வதில்லை. எனவே அவற்றை நீங்கள் உற்பத்தி செய்ய முயல வேண்டாம். உள்ளதைச் சொல்லி மலைப்பகுதி நாற்றங்காலுக்கு அனுப்பி வையுங்கள். மரப்பெரணிக்கு ஆசைப்பட்டுச் சோலைக் காட்டில் தோண்டி வந்த செடியை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், சோலைக்கும் கேடு.

வாங்குபவருக்கு நீங்கள் சொல்லி அனுப்ப வேண்டியவை:

1. கோடை மழை தொடங்கும் சித்திரை, வைகாசியில் நட வேண்டும். மார்கழிக்குள் வேர் ஊன்றிவிடும்.
2. பள்ளத்தில் நடக்கூடாது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போல் பள்ளத்தில் போய்த் தங்கும். சரிவே நல்லது.
3. பகலில் வெயில்படும் கல்சுவருக்கு அருகில் நட்டால், சுவர் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுக்கும்.
4. உறைபனி இரவுகளில் சாக்கு அல்லது உலர்ந்த புல்லால் மூடி, காலையில் எடுத்துவிட வேண்டும்.

குளிர்சாதனக் கூடத்துக்குச் செடி

இனி உங்களுக்கு நெருங்கிய குளிருக்கு வருவோம். குளிர்சாதனக் கூடத்தில் வெப்பம் 22 முதல் 26 டிகிரி வரை இருக்கும். அந்தக் குளிர் எந்த அழகுச் செடியையும் கொல்லாது. கொல்பவை வேறு மூன்று. முதலாவது வெளிச்சக் குறைவு. நண்பகல் வெயிலில் ஏறத்தாழ ஒரு இலட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். கூடத்தின் மூலையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். இரண்டாவது வறண்ட காற்று. குளிர்சாதன இயந்திரம் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடுகிறது. மூன்றாவது, அக்கறை மிகுதியால் தினமும் ஊற்றும் தண்ணீர். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குறைவாகத்தான் குடிக்கும். மிச்சம் வேரை அழுக வைக்கும்.

வெளிச்சத்தை அளக்கக் கருவி வேண்டாம். தொட்டி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் ஓரம் தெளிவாக விழுந்தால் அரிக்கா பனை, ரப்பர் செடி, ஃபைகஸ் வைக்கலாம். நிழல் மங்கலாக விழுந்தால் மான்ஸ்டெரா, ராபிஸ் பனை, டிரசீனா, பெரணி வைக்கலாம். நிழல் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் மருள், மணி பிளான்ட், பச்சை இலை அக்ளோனிமா ஆகியவை மட்டுமே தாங்கும். குரோட்டன்ஸ் நிறத்தில் மயங்கி அதை மூலையில் வைத்தால் நிறமும் போகும், இலையும் போகும்.

பழக்கி அனுப்புங்கள்

இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வெயிலில் வளர்ந்த செடியை நேரே கூடத்துக்குள் வைத்தால் பத்துப் பதினைந்து நாளில் இலை கொட்டத் தொடங்கும். செடிக்கு நோய் இல்லை, பழக்கம் இல்லை. வெயிலில் உருவான இலை கெட்டியானது. குறைந்த வெளிச்சத்தில் பிழைக்க அதற்குத் தெரியாது. நிழலில் உருவான இலைதான் அங்கே நிற்கும். எனவே விற்குமுன் எட்டு வாரம் பழக்க வேண்டும்.

முதல் நான்கு வாரம் 50 சதவீத நிழல்வலையின் கீழ் வையுங்கள். அடுத்த நான்கு வாரம் 75 சதவீத நிழல்வலைக்கு மாற்றுங்கள். இந்தக் காலத்தில் யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை நிறுத்திவிடுங்கள். தொடக்கத்தில் ஒரு முறை தொட்டியின் அடித்துளை வழியே நன்றாக வடியும்படி தண்ணீர் ஊற்றினால் தங்கியிருக்கும் உர உப்பு கழுவப்படும். கடைசி இரண்டு வாரம் மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். அனுப்பும் முன் இலையின் இரு பக்கமும் ஈரத்துணியால் துடைத்து, மாவுப்பூச்சி, செதில் பூச்சி, சிலந்திப்பேன் உள்ளனவா என்று பாருங்கள். வறண்ட கூடத்தில் சிலந்திப்பேன் வெகு வேகமாகப் பெருகும்.

தொட்டிக் கலவைக்குச் செம்மண், மணல், மட்கிய எரு சம அளவில் போதும். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் நன்கு மட்கியதை, கழுவி உப்பு நீக்கிய பிறகு சேருங்கள். கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உப்பு மிகுந்தால் இலை நுனி கருகும். அந்தச் செடியை எவரும் வாங்கமாட்டார்.

அருகில் இருப்பதே உங்கள் பலம்

ஆந்திராவில் ராஜமுந்திரிக்கு அருகே கடியம் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து நாடெங்கும் லாரி லாரியாகச் செடிகள் போகின்றன. விலையில் அவர்களோடு போட்டியிடுவது கடினம். ஆனால் அவர்களால் முடியாத ஒன்று உங்களால் முடியும். கூடத்தில் சோர்ந்த செடியை அதே நாள் சைக்கிளிலோ டெம்போவிலோ திரும்ப எடுத்து வந்து நிழல்வலையில் தேற்ற உங்களால் முடியும்.

ஆகவே செடியை விற்பதைவிட மாத வாடகைக்கு விடுவது நல்லது. கூடத்தில் ஒரு தொட்டி இருந்தால் உங்கள் தோட்டத்தில் அதற்கு மாற்றாக ஒரு தொட்டி இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை மாற்றுங்கள். வாடகையைப் பேசும்போது இரண்டு தொட்டி, நிழல்வலை, கூலி, வண்டிச் செலவு, பட்டுப்போகும் செடி ஆகிய எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பேசுங்கள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிஃபன்பேக்கியாவின் சாறு வாயில் பட்டால் நாக்கு வீங்கும். குழந்தைகள் வரும் இடத்துக்கு அதைக் கொடுக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை

ஒரே தொழிற்சாலையை நம்பி முதல் போடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை 2014ஆம் ஆண்டு உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததை நீங்கள் நேரில் பார்த்தவர்கள். பெரிய வாசலும் ஒரு நாள் மூடப்படலாம். நான்கைந்து இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நெல்லையும் காய்கறியையும் விட்டுவிடாதீர்கள். ஏரியில் தண்ணீர் இருக்கும் வரை சோறு போடுவது அவைதான். முதல் ஆண்டு ஐம்பது தொட்டி போதும். பழக்கம் செடிக்கு மட்டுமல்ல, நமக்கும் வேண்டும்.

நிலம் சுருங்கியிருக்கலாம். ஆனால் எந்தச் செடி எந்த மண்ணில் நிற்கும், எதில் நிற்காது என்ற அறிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள் அந்த அறிவைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதை நேர்மையாக விற்றுப் பயனடையுங்கள். நிழல்வலை அமைப்பது பற்றியும் மானியங்கள் பற்றியும் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.