மருவுக்கு ஆயுர்வேதம்: கைப்பக்குவமும் கைவைத்தியமும்



பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விரலிலும் முழங்காலிலும் சொரசொரவென்று மரு கிளம்பினால், ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல வீட்டில் பஞ்சமே இருக்காது. அம்மான் பச்சரிசிப் பாலை வை என்பார் ஒருவர். சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்துத் தடவு என்பார் இன்னொருவர். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் வேண்டிக்கொள் என்பார் பாட்டி. வேண்டுதலை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஆயுர்வேதம் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆயுர்வேத நூல்கள் மருவைப் பற்றி என்ன சொல்கின்றன, அவற்றில் இன்றைக்கு எது நிற்கும் என்று பார்ப்போம்.

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் மருவுக்குச் சர்மகீலம் என்று பெயர். வாதத்தின் ஒரு வகையான வியான வாயு சீர்கெட்டு, கபத்தையும் சேர்த்துக்கொண்டு தோலின்மேல் ஆணி போல எழுப்புவது என்று அதன் நிதான ஸ்தானம் என்ற பகுதி காரணம் சொல்கிறது. சிகிச்சா ஸ்தானம் என்ற பகுதி சொல்லும் வைத்தியமோ மிகச் சுருக்கம்: ஆயுதத்தால் எடு, எஞ்சியதைக் காரத்தாலோ நெருப்பாலோ மிச்சமில்லாமல் சுடு. இலைச்சாறு, பத்தியம் எதுவும் அங்கே முன்னுக்கு வரவில்லை. மரு அந்த நூலுக்கு அறுவை வைத்தியரின் வேலை.

காரம் என்று இங்கே சொல்வது மிளகாய்க் காரம் அல்ல. க்ஷாரம் என்னும் சாம்பல் உப்பு. மரத்தை எரித்த சாம்பலை ஆறு பங்கு நீரில் கரைத்து, 21 முறை வடிகட்டி, சுட்ட சுண்ணாம்புக்கல், சங்கு முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சி, இரும்புக் கலத்தில் வைக்கச் சொல்கிறது நூல். சாம்பல் உப்போடு சுண்ணாம்பு சேரும்போது தோலை அரிக்கும் கடுங்காரம் பிறக்கிறது. இந்தச் செய்முறையின் நேர்த்தியை வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் தம்முடைய இந்து வேதியியல் வரலாற்றில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

செய்முறையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அதைக் கையாளச் சொல்லும் கட்டுப்பாடு. காரத்தில் மென்மை, நடுத்தரம், கடுமை என்று மூன்று தரம் உண்டு. தடவியபின் நூறு மாத்திரை நேரம் காத்திருக்க வேண்டும். சுட்ட இடம் பழுத்த நாவற்பழம் போலக் கறுத்துத் தாழ்ந்தால் போதும் என்று பிற்கால ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் அடையாளம் தருகிறார். உடனே புளித்த காடி போன்ற புளிப்பால் காரத்தின் வேகத்தை அடக்க வேண்டும். யாருக்குக் காரம் வைக்கக் கூடாது என்ற பட்டியலும் உண்டு. அளவு, நேரம், மாற்று, விலக்கு ஆகிய நான்கையும் யோசித்து வைத்த மருத்துவம் அது.

இன்றைய தோல் மருத்துவரும் மருவைப் பெரும்பாலும் அழித்தே எடுக்கிறார். சாலிசிலிக் அமிலத்தால் கரைக்கிறார், மின்சாரத்தால் சுடுகிறார், மைனஸ் 196 டிகிரிக் குளிரில் இருக்கும் திரவ நைட்ரஜனால் உறையவைக்கிறார். கருவி மாறியிருக்கிறது, வழி அதே வழிதான்.

காரணம் சொல்வதில்தான் பழைய நூல் நிற்கவில்லை. மருவைச் சாறாக்கி நுண்ணிய வடிகட்டியில் வடித்தபின்னும் அது தொற்றுகிறது என்று இத்தாலிய மருத்துவர் ஜுசெப்பே சியூஃபோ 1907இல் காட்டினார். மருவை உண்டாக்குவது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். ஆகவே வாதத்தையும் கபத்தையும் தணிக்கும் உணவால் மரு வராமல் தடுக்கலாம் என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் மருக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஒன்றும் செய்யாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்குள் தானே உதிர்ந்துவிடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி செய்த வேலைக்கு, கடைசியாகத் தடவிய மருந்து பெயர் வாங்கிக்கொள்கிறது. வேண்டுதலும் அப்படித்தான். ‘எனக்குப் போனது’ என்று ஒருவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது சான்றாகாது.

ஆபத்து எங்கே என்றால், வீட்டில் குழைக்கும் சுண்ணாம்பு சோடாக் கலவையில். அதிலும் பிறப்பது கடுங்காரமே. சுசுருதரின் மருந்து நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அளவும் நேரமும் மாற்றும் வரவில்லை. அதனால்தான் ஒரு கடுகளவு மரு இருந்த இடத்தில் காலணா அகலத்துக்குத் தழும்பு மிஞ்சுகிறது. மருவில் வைக்கும் செடி மருந்துகளிலும் ஆபத்து உண்டு. எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் கருவிழி கெடும். சேங்கொட்டை தோலைக் கொப்புளிக்க வைக்கும். எருக்கு, சேங்கொட்டை, இலைக்கள்ளி மூன்றையும் இந்திய மருந்து விதிகளே நச்சுப் பொருள் அட்டவணையில் வைத்திருக்கின்றன.

தடுப்புக்கு எளிய ஒழுங்குகள் போதும். மருவைக் கிள்ளவோ கடிக்கவோ வேண்டாம். துண்டு, சவரக்கத்தி, நகவெட்டி ஆளுக்குத் தனியாக இருக்கட்டும். பொதுக் குளியலறையில் செருப்பைக் கழற்ற வேண்டாம்.

என் தீர்ப்பு இதுதான்: மருவுக்கு ஆயுர்வேதம் தந்த நல்ல பங்கு அதன் அறுவை முறை. அதையும் பட்டம் பெற்ற, பயிற்சியுள்ள ஆயுர்வேத அறுவை மருத்துவர் கையில் மட்டுமே நாடுங்கள். முகத்திலோ பிறப்புறுப்பிலோ மரு வந்தால், நிறம் மாறினால், இரத்தம் கசிந்தால், அல்லது நீங்கள் நீரிழிவு உள்ளவராக இருந்து காலில் வந்தால், வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். நேரே தோல் மருத்துவரிடம் போங்கள். காரமோ செடிப்பாலோ பட்டுத் தோல் எரிந்தால், ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.