தடிப்பும் தலைவிதியும்

  

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய இவ்வூர்களில் கை அரிப்பும் வெடிப்புமாய் அவதிப்படும் தொழிலாளரை நாம் பார்க்கிறோம். காரணம் கேட்டால், தோலைத் தொட்ட பாவம் என்கிறார் ஒருவர். முன் ஜென்ம வினை என்கிறார் மற்றொருவர். தொழிலாளியும் அதை நம்பி மந்திரிக்கப் போகிறார். உண்மைக் காரணமோ ஷாப்பின் டிரம்முக்குள் கிடக்கிறது. அதன் பெயர் குரோமிய உப்பு. சிலருடைய உடம்புக்கு அது ஒவ்வாது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் ஓரிரு நாளில் தோல் கொப்பளிக்கும். சிமெண்டில் வேலை செய்யும் கொத்தனாருக்கும் இதே குரோமியத்தால் இதே நோய் வருகிறது. அவர் எந்தத் தோலைத் தொட்டார்?

இன்னொரு சங்கதி கேளுங்கள். அறுவை செய்த இடத்தில் தையல் போட குரோமிக் கேட்கட் என்று ஒரு நூல் உண்டு. ஆடு மாடுகளின் குடலிலிருந்து அதைச் செய்து, சீக்கிரம் கரையாதிருக்கக் குரோமிய உப்பில் பதப்படுத்துகிறார்கள். அதாவது, ஷாப்பில் தோலுக்குச் செய்வதையே அங்கே குடலுக்குச் செய்கிறார்கள். தோல் பதனிடுகிறவர் தீட்டு என்று ஒதுக்கும் வைதீகரின் வயிற்றிலும் இந்தப் பதனிட்ட குடல்தான் உட்கார்ந்து உயிரைக் காக்கிறது! அப்போது தீட்டு எங்கே போயிற்று என்று கேட்கிறோம். குரோமியம் ஒவ்வாதவருக்கு இந்நூலும் ஒவ்வாமற் போகலாம். ஆகவே ஆபரேஷனுக்குப் போகுமுன் கைப்புண்ணின் சங்கதியை டாக்டரிடம் சொல்லவேண்டும்.

இது மெதுவாய் வரும் தொல்லை. நிமிஷங்களில் உயிரைக் குடிப்பதும் உண்டு. 1889-ம் வருஷ வாக்கில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை வைத்தியர், கிருமிநாசினி நீரால் கை வெந்துபோன நர்ஸ் ஒருவருக்காக ரப்பர் கையுறை செய்வித்தார். அப்படிப் பரிகாரமாக வந்த கையுறையே பின்னர் வேறு பலருக்கு விஷமாயிற்று. ரப்பர் பாலிலுள்ள புரதமே காரணம். ரப்பர் பொருத்திய எனிமாக் குழாயால் நோயாளிகள் மாண்டதைக் கண்டு, 1991-ல் அமெரிக்க அரசாங்க மருந்து இலாகா எச்சரிக்கை விட்டது. 2017-ல் மாவு தூவிய கையுறைகளைத் தடுத்தது. தோலைச் சுத்தம் செய்யப் பூசும் குளோர்ஹெக்சிடினும் சிலருக்கு இப்படியே செய்யும் என்று அதே வருஷம் எச்சரித்தது.

ரப்பர் ஒவ்வாமை யாருக்கு அதிகம்? நோயாளிகளுக்குத் தொண்டு செய்யும் நர்ஸுகளுக்கும், பிறந்தது முதல் பலமுறை ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைகளுக்கும்! கர்மபலன் உண்மையானால், தொண்டு செய்தவருக்கும் பச்சைக் குழந்தைக்குமா தண்டனை? அடிக்கடி ரப்பர் படுவதே காரணம், வேறில்லை.

உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது அம்மன் கோபமல்ல. 1902-ல் போர்த்தியே, ரிஷே என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள் அதைக் கண்டு அனபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். 1913-ல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு மருந்து விபூதியல்ல; உடனே தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. வேப்பிலை அடிக்கும் நேரத்தில் உயிர் போய்விடும்.

ஆகவே தோழர்களே! பலூன் ஊதினால் உதடு வீங்குகிறதா? வாழைப்பழம், பப்பாளி தின்றால் வாய் அரிக்கிறதா? ரப்பரும் ஒவ்வாதிருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சொல்வது மரியாதைக் குறைவல்ல. ரப்பரில்லாத கையுறை இருக்கிறது. குரோமியமில்லாத நூல் இருக்கிறது. ஷாப்பு முதலாளியிடம் கையுறை கேளுங்கள். அது தர்மமல்ல, உங்கள் உரிமை.

பிள்ளை பிறந்தவுடன் ஜாதகம் எழுதிப் பெட்டியில் பூட்டுகிறோம். அந்த ஓலை எந்த ஆஸ்பத்திரியிலாவது ஓர் உயிரைக் காத்ததுண்டா? இனி, இன்ன பொருள் எனக்கு ஒவ்வாது என்று ஒரு சீட்டு எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். நம் தலைவிதியை நாமே எழுதுவது என்பது இதுதான்.