முடி சூட்டிய கை



இன்று நாம் சொல்ல வந்தது ஸ்காட்லாந்து தேசத்துப் பிரபு ஒருவருடைய கதை. புராணமல்ல, ஊரும் தேதியும் உள்ள சரித்திரம். அவர் பெயர் ஆர்ச்சிபால்டு கேம்பல். ஆர்கைல் சீமைக்குப் பிரபு. அவர் ஒரு வார்த்தை சொன்னால் கேம்பல் குலத்தார் ஆயிரக்கணக்கில் ஆயுதமெடுத்து வருவார்கள். அப்பேர்ப்பட்டவருடைய தலை கடைசியில் எங்கே போயிற்று, யாரால் போயிற்று என்பதுதான் விஷயம்.

அக்காலத்தில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் அரசன் முதலாம் சார்லஸ். தன்னை அரசனாக்கியது கடவுள் என்பதும், ஆகையால் தான் ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதும் அவன் கொள்கை. 1637-ல் ஸ்காட்லாந்துக் கோயில்களிலெல்லாம் தான் அனுப்பிய புத்தகத்தைப் பார்த்தே ஜபம் செய்ய வேண்டுமென்று உத்தரவிட்டான். எடின்பரோவில் கலகம் மூண்டது. 1638-ல் பிரபுக்களும் குருமார்களும் குடிகளும் கூடி, தங்கள் மதத்தைக் காப்பதாகக் கடவுள் சாட்சியாக ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அரசன் சொன்னதும் கடவுள் பேரை. எதிர்த்தவர் சொன்னதும் அதே கடவுள் பேரை. வேதம் ஒன்று, ஜபம் செய்யும் மாதிரிக்காகச் சண்டை! ஆர்கைல் உடன்படிக்கைக் கட்சிக்குத் தலைவரானார். 1641-ல் அரசனே எடின்பரோவுக்கு வந்து அவருக்கு மார்க்குவிஸ் பட்டம் கொடுத்தான். எதிரியைப் பட்டத்தால் அடக்கிப் பார்ப்பது அரசர்களுக்குப் பழைய வித்தைதானே!

அவருக்கு எதிராளி மாண்ட்ரோஸ் பிரபு. இவரும் 1638-ல் அதே உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்தான். பின்னர் அரசன் பக்கம் சாய்ந்து, 1644-ல் படையெடுத்து, அந்தக் குளிர்காலத்தில் ஆர்கைல் சீமைக்குள் புகுந்து கொள்ளையிட்டார். 1645 பிப்ரவரி 2-ந் தேதி இன்வர்லாக்கியில் சண்டை. ஆர்கைல் பிரபு எங்கேயிருந்தார்? கையில் காயமென்று ஏரியிலே தம் படகில் இருந்தார். கரையிலே அவருடைய ஆட்கள் சுமார் 1,500 பேர் மாண்டார்கள். படகு தப்பிப் போயிற்று.

1649 ஜனவரி 30-ந் தேதி லண்டனில் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. இங்கிலாந்தில் அரசனே வேண்டாமென்றார்கள். ஸ்காட்லாந்திலோ ஒரு வாரத்திற்குள் அவன் மகனை அரசனென்று பறைசாற்றினார்கள்! ஆனால் உடன்படிக்கையை ஒப்புக்கொண்டால்தான் கிரீடம் என்றார்கள். மகன் சார்லஸ் என்ன செய்தான் தெரியுமா? ஒருபுறம் மாண்ட்ரோஸைப் படையோடு அனுப்பினான். மறுபுறம் ஆர்கைல் கட்சியோடு பேரம் பேசினான். மாண்ட்ரோஸ் தோற்றுப் பிடிபட்டதும் அவரைக் கைவிட்டான். 1650 மே 21-ந் தேதி எடின்பரோவில் மாண்ட்ரோஸைத் தூக்கிலிட்டு, தலையைச் சிறைச்சாலை உச்சியில் ஈட்டியில் குத்தி வைத்தார்கள். அடுத்த மாதமே சார்லஸ் வந்து, உடன்படிக்கையில் கையெழுத்திட்டான்!

பிறகு குருமார்கள் படைக்குள் புகுந்தார்கள். பக்தி போதாதவர்களென்று ஆயிரக்கணக்கான வீரர்களை நீக்கினார்கள். மிச்சமிருந்த படையைச் செப்டம்பர் 3-ந் தேதி டன்பாரில் கிராம்வெல் முறியடித்தான். அப்போதாவது புத்தி வந்ததா? 1651 ஜனவரி 1-ந் தேதி ஸ்கூன் என்ற ஊரில் பட்டாபிஷேகம் நடந்தது. ஆர்கைல் பிரபு தம் கையாலேயே சார்லஸின் தலையில் கிரீடத்தை வைத்தார்.

அந்த அரசன் அவ்வருஷமே தோற்று வெளிதேசம் ஓடினான். ஆர்கைல் 1652-ல் கிராம்வெல் ஆட்சிக்குப் பணிந்தார். 1660-ல் சார்லஸ் மறுபடியும் சிம்மாசனம் ஏறினான். முடி சூட்டியவராயிற்றே, மறந்து விடுவானா என்று ஆர்கைல் லண்டனுக்குப் பேட்டி காணப் போனார். பேட்டி கிடைக்கவில்லை, சிறை கிடைத்தது. எடின்பரோவில் விசாரணை நடந்தது. கிராம்வெல் ஆட்சிக்கு உதவியாக மங்க் என்ற தளபதிக்கு அவர் எழுதிய கடிதங்களே முக்கிய சாட்சி. இங்கேதான் தோழர்களே, கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்தைக் கிராம்வெல்லுக்காக அடக்கி ஆண்டவனே அந்த மங்க். கடிதம் வாங்கியவனுக்கு டியூக் பட்டம். எழுதியவருக்கு மரண தண்டனை!

1661 மே 11-ந் தேதி மாண்ட்ரோஸின் எலும்புகளைப் பொறுக்கியெடுத்து ராஜ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 27-ந் தேதி ஆர்கைலின் தலையை வெட்டி, மாண்ட்ரோஸின் தலை இருந்த அதே ஈட்டியில் குத்தி வைத்தார்கள். அவர் பயந்து சாகவில்லை, நிதானமாகவே இறந்தார். அதை மறைக்க நமக்கு அவசியமில்லை. அரசன் கையெழுத்திட்ட உடன்படிக்கையோ, அவன் ஆட்சியிலேயே லண்டனில் தூக்குப் போடுகிறவன் கையால் கொளுத்தப்பட்டது.

ஆர்கைல் புத்தியில்லாதவரல்ல. அவரும் அவர் கட்சியாரும் எந்தச் சத்தியம் செய்த அரசன் வேண்டும் என்று கேட்டார்களே தவிர, அரசன் எதற்காக வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கடவுள் சாட்சியாகச் செய்த சத்தியம் அரசனைக் கட்டுமென்று நம்பினார்கள். அது நம்பியவர்களை மட்டுமே கட்டிற்று. இரண்டு பிரபுக்களுக்கும் இன்று எடின்பரோவின் பெரிய கோயிலில் ஞாபகச் சின்னங்கள் இருக்கின்றன. இன்வர்லாக்கிக் கரையில் மாண்ட 1,500 பேருக்கு என்ன இருக்கிறது? அவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்பதை வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்துப் பாருங்கள்.