‘வெட்டிக்கொண்டிருந்தேன்’ – ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?



நான் பயிற்சிக் கல்லூரியை முடித்துத் தோட்டப் பள்ளிக்கு வந்த புதிது. அப்பொழுது எங்கள் தோட்டத்தில் பால்மரங்கள் நின்றன. ஒரு நாள் காலையில், மரம் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவரின் தோளில் கிளை முறிந்து விழுந்துவிட்டது. நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி என்னிடம் வந்தார். நானும் பெருமையாக எழுதிக் கொடுத்தேன்: ‘ஐ டேப்ட் த ட்ரீஸ். எ பிராஞ்ச் ஃபெல் ஆன் மீ.’

இரண்டு நாளில் தாள் திரும்பி வந்தது.

“வாத்தியாரே, வேலை முடிஞ்சப்புறம் நிரையில என்ன செஞ்சேன்னு கேக்குறாங்க” என்றார் அவர்.

தவறு என்னுடையதுதான். ‘டேப்ட்’ என்றால் வெட்டினேன். வெட்டி முடித்துவிட்டேன் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். அண்ணன் என்னிடம் சொன்னதோ ‘வெட்டிக்கொண்டிருந்தேன்’ என்று. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொக்சோ பணம் கோருகிறவருக்கு, விபத்து வேலையின்போது வேலையினால் நேர்ந்ததா என்பது பெரிய கேள்வி. (வேலைக்குப் போகவர வழியில் நேரும் விபத்துக்கும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம்.) ஆகவே திருத்தி எழுதினேன்: ‘ஐ வாஸ் டேப்பிங் எ ட்ரீ வென் எ பிராஞ்ச் ஃபெல் ஆன் மீ.’ இம்முறை தாள் திரும்பி வரவில்லை.

இதைத்தான் இறந்தகாலத் தொடர்வினை என்கிறோம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் சொல்லையே இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ‘வெட்டிக்கொண்டு’ என்பது டேப்பிங். ‘இருந்தேன்’ என்பது வாஸ். ‘நான் வெட்டிக்கொண்டு’ என்று சொல்லி யாராவது பேச்சை நிறுத்துவார்களா? ஆனால், நம் பிள்ளைகள் ‘ஐ டேப்பிங்’ என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மலாய்மொழிப் பழக்கமும் இதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘சாயா செடாங் மெனோரே’ என்றால் மலாயில் போதும். காலத்துக்கேற்ப வினை அங்கே மாறுவதில்லை. ஆங்கிலத்தில் வாஸ் இல்லாமல் நடக்காது.

ஐ, ஹீ, ஷீ, இட் ஆகியவற்றுக்கு வாஸ். வீ, தே, யூ ஆகியவற்றுக்கு வேர். ‘யூ என்பது ஒருவர்தானே, அதற்கு ஏன் வேர்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. நாம் பெரியவர் ஒருவரைப் பார்த்து ‘நீங்கள் இருந்தீர்கள்’ என்று பன்மையில் சொல்வதில்லையா? அதைப் போல வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்டு நடந்த வேலைக்கு வாஸ். அதன் நடுவே சட்டென்று நடந்ததற்குச் சாதாரண இறந்தகாலம். மாற்றிப் போட்டால் கதையே மாறிவிடும். ‘வென் த பிராஞ்ச் ஃபெல், ஐ டேப்ட்’ என்றால், கிளை விழுந்த பிறகு வெட்டினேன் என்றாகிறது. தோள் உடைந்தவர் எங்கே கத்தியைப் பிடிப்பது!

எல்லா வினையும் இதற்குள் அடங்காது. பள்ளிக்கு வராத பிள்ளைக்குக் கடிதம் எழுதும்போது, ‘மை சன் வாஸ் ஹேவிங் ஃபீவர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ‘மை சன் ஹேட் ஃபீவர்’ என்பதே சரி. காய்ச்சல் இருந்தது என்கிறோமே தவிர, இருந்துகொண்டிருந்தது என்பதில்லை.

பெற்றோர்களே, இன்றிரவு சாப்பாட்டு வேளையில் பிள்ளையிடம் தமிழிலேயே கேளுங்கள்: “கடைசியாக மழை வந்தபோது அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்? தம்பி எங்கே விளையாடிக்கொண்டிருந்தான்?” அவன் சொல்லும் பதிலை நோட்டில் ஆங்கிலத்தில் எழுதட்டும்: ‘மை மதர் வாஸ் குக்கிங் வென் த ரெய்ன் ஸ்டார்ட்டட்.’ வாஸ் விடுபட்டிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். அதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.