கடல் கண்ட பலகையில் இரண்டு படி ஸ்டூல்



தச்சுக் கலை என்றதும் நம் நினைவுக்கு வருவது கோயில் தேர், செட்டிநாட்டு நிலைக்கதவு, ஊஞ்சல் பலகை. இவற்றைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். இன்று நான் எடுத்துக்கொண்டது முழங்கால் உயரமே இருக்கும் ஒரு சாமான். அடுக்களைப் பரணிலிருந்து அண்டாவை இறக்கவும், சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றவும் ஏறி நிற்கிறோமே, அந்த இரண்டு படி ஸ்டூல். அதையும் புது மரத்தில் செய்யாமல், கடலில் ஓடி ஓய்ந்த வள்ளத்தின் பலகையில் செய்வது எப்படி, அப்படிச் செய்ததில் நல்லது எது, ஒப்புக்குச் செய்தது எது என்று பார்ப்போம்.

இதைப் பேசத் திரேஸ்புரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தூத்துக்குடியின் வடபக்கம், பக்கிள் ஓடை கடலில் சேரும் இடத்தை ஒட்டிய கரை அது. வள்ளங்கள் வரிசையாக நிற்கும். சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனாலும், அந்தக் காலத்துக் கடலடி முத்துப் பார்களின் பெயர்களைச் சொல்லும் பெரியவர்களை இந்தக் கரையில் காணலாம். பக்கத்திலேயே பழைய துறைமுகம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகள் கிளம்பியது அங்கிருந்துதான். அந்தத் தோணி உலகத்தைத்தான் ஜோ டி குருஸ் ‘கொற்கை’ நாவலில் எழுதினார். 2013-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தோணியும் வள்ளமும் கட்டுகிற தச்சரை இந்தக் கரையில் ஓடாவி என்பார்கள். நம் பேச்சின் நாயகர் அவர்தான்.

ஓடாவிக்கு இப்போது வேலை குறைவு. ஃபைபர் படகு வந்த பிறகு புதிதாக மர வள்ளம் கட்டச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது கரையேற்றிப் பழுது பார்க்கும் மரப்படகுகளிலிருந்து கழற்றிப் போடும் பலகையும், ஆயுள் முடிந்து உடைக்கிற வள்ளத்தின் பலகையும் பெரும்பாலும் அடுப்புக்குப் போகின்றன. அடுப்புக்குப் போகிற மரம் என்னென்ன என்று பாருங்கள். வள்ளத்தின் வெளிச்சுவரான ஓடுபலகைக்கு அயினி, தேக்கு, புன்னை. வளைந்த விலாவாக நிற்கும் வங்குக்கு வேம்பு, வாகை, கருவேலம். தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ நிற்கும். நாட்டுக் கருவேலம் 800-ஐ ஒட்டி வரும். தேக்குக்குப் பேர்போன மியான்மரின் அரசு 2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. அப்படியும் இதே தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டு மரம் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது. கரையில் கிடப்பதை எரித்துவிட்டுக் கடல் கடந்து வருவதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஆனால் பழைய பலகை என்றாலே உயர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடல் மரத்தைக் காப்பாற்றவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. பத்து இருபது வருடம் அதில் ஊறிய பலகையின் நாளங்களுக்குள் அந்த உப்பு தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் சமையல் உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலோர வீட்டில் இது அடிக்கடி நடக்கும். உப்புப் போகாத பலகையில் ஸ்டூல் செய்தால், மழைக்காலத்தில் பிசுபிசுக்கும்; பூசிய எண்ணெய் பிடிக்காது; திருகாணி உள்ளுக்குள்ளேயே துருவேறும்.

இரண்டாவது எதிரி கப்பல் புழு. புழு என்று பெயரே தவிர, அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். முத்துச் சிப்பிக்குத் தூரத்து உறவு. குட்டியாக இருக்கும்போதே மரத்துக்குள் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, குடைந்த வழி முழுக்கச் சுண்ணாம்பு பூசிக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் குண்டூசித் துளைதான் தெரியும். உள்ளே சல்லடை. மூன்றாவது, இரும்பாணி. அது துருப்பிடிக்கும்போது சுற்றியுள்ள மரமும் கறுத்து வலுவிழக்கும். அந்தக் கறுப்பை அழகு என்று நினைத்து மிதிபலகையின் நடுவில் வைக்கிறவர்கள் உண்டு. ஏறி நிற்கிறவரின் முழுக் கனமும் விழும் இடம் அது.

ஆகவே இந்தத் தொழிலின் முதல் பாதி, பலகையைத் தள்ளிவைப்பதுதான். தேர்ந்த ஓடாவி கொட்டாப்புளியால் பலகையை நெடுகத் தட்டிப் பார்ப்பார். நல்ல மரம் கணீரென்று பேசும். குடைந்த மரம் பொத்தென்று கேட்கும். ஐயம் இருந்தால் நுனியில் ஒரு துண்டு அறுத்து வெட்டுமுகத்தைப் பார்ப்பார். கூரான ஊசியைக் குத்தினால் எளிதாக இறங்கும் இடம் எதையும் சேர்க்க மாட்டார். பத்தடிப் பலகையில் மூன்றடிதான் தேறும் என்றால், அந்த மூன்றடி போதும். இரண்டு படி ஸ்டூலுக்கு வேண்டியது குட்டைத் துண்டுகள்தானே. பெரிய மேசைக்கு உதவாத வள்ளப் பலகை இதற்குச் சரியாகப் பொருந்துவது அதனால்தான்.

தேறிய துண்டிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். ஒடிந்து உள்ளே நின்ற ஆணி ஒன்றைத் தவறவிட்டால் இழைப்புளியின் வாய் போய்விடும். மின்ரம்பம் என்றால் ஆளுக்கே ஆபத்து. பலகை இடுக்கில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடித்த பழைய கலப்பத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். பெயின்ட்டில் கூடுதல் கவனம் தேவை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கிறதோ. உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்த்து அந்தத் தூளை மூச்சில் இழுக்காதீர்கள். நனைத்துச் சுரண்டி, அந்தக் கழிவைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் இருக்கும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

பிறகு நல்ல தண்ணீரில் ஊறப்போடுவது. தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைத்தால் உப்பு சிறுகச் சிறுக வெளியேறும். ஊறியதை வெயிலில் போட்டால் வெடிக்கும். நிழலில், பலகைக்குப் பலகை குச்சி கொடுத்து அடுக்கி, காற்று நாலு பக்கமும் புகும்படி காயவிட வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பச்சை மரத்துக்கான பழைய கணக்கு. இதற்கு அவ்வளவு வேண்டாம். ஆனாலும் அவசரம் காட்டினால் பலகை பிற்பாடு முறுக்கிக்கொள்ளும். ஈர நாளிலும் கையில் பிசுக்கு ஒட்டாமல் இருந்தால் உப்பு போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி ஸ்டூலுக்கு வருவோம். இரண்டு பக்கப்பலகை, இரண்டு மிதிபலகை, பின்னால் குறுக்காக ஒரு சட்டம். மொத்தம் ஐந்து துண்டு. நம் வீட்டு மாடியில் ஒரு படியின் உயரம் ஏழு, ஏழரை அங்குலம். ஸ்டூலில் எட்டு, எட்டரை வரை போகலாம். அதனால் மொத்த உயரம் பதினாறு, பதினேழு அங்குலத்தில் நின்றுவிட வேண்டும். மிதிபலகையின் அகலம் எட்டு அங்குலத்துக்குக் குறைந்தால் பெரியவர்களின் பாதம் பாதி வெளியே தொங்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான அளவு ஒன்று உண்டு. மிதிபலகை எந்தப் பக்கமும் அடிக்காலைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. நீட்டிய ஓரத்தில் ஒரு கால் வைத்து ஏறினால் ஸ்டூல் கவிழும். அடிப்பக்கம் கொஞ்சம் விரிந்தும் மேல்பக்கம் கொஞ்சம் ஒடுங்கியும் இருப்பது நல்ல தச்சரின் கணக்கு.

மரத்தின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அடுத்த கேள்வி. பச்சைத் தேக்கு முழுக்கக் காய்வதற்குள் அகலவாக்கில் நூற்றுக்கு இரண்டரை முதல் ஐந்து பங்கு வரை சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிக அற்பம். காய்ந்த மரமும் மழைக்கும் வெயிலுக்கும் அகலத்தில் கூடிக் குறைந்துகொண்டேதான் இருக்கும். பக்கப்பலகையில் இழை செங்குத்தாக ஓட வேண்டும். படுக்கையாக ஓடினால் இழை வழியே பிளந்துவிடக்கூடும். மிதிபலகையில் இழை நீளவாக்கில் போக வேண்டும். பக்கப்பலகையில் கால் அங்குல ஆழத்துக்குக் காடி எடுத்து, மிதிபலகையின் நுனியை அதற்குள் உட்கார வைத்தால், கனம் ஆணியின் மேல் விழாமல் மரத்தின் மேல் விழும். குறுக்குச் சட்டத்தின் இரு நுனியையும் நாக்குப்போலச் செதுக்கி, பக்கப்பலகையில் அடித்த துளை வழியே வெளியே வரவிட்டு, நுனியைப் பிளந்து ஆப்பு அடித்தால், ஸ்டூல் பக்கவாட்டில் ஆடாது. ஆப்பு அடிப்பதில் ஓடாவியின் கைக்கு ஈடு கிடையாது. அலையில் நாள் முழுக்க முறுக்கப்படும் வள்ளத்தை இறுக்கிய கை அது. திருகாணி போட்டே ஆக வேண்டும் என்றால் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ போடுங்கள். வெறும் இரும்பு வேண்டாம்.

பக்கப்பலகையின் அடியை நடுவில் வளைவாக வெட்டிவிட்டால் தரையில் நான்கு முனைகள் மட்டும் படும்; மேடு பள்ளமான தரையிலும் ஆட்டம் குறையும். வள்ளப் பலகை இயல்பாகவே வளைந்திருக்கும். அந்த வளைவை இழைத்து நேராக்கப் போனால் பாதிக் கனம் தூளாகப் போய்விடும். வள்ளத்தின் நடுப்பகுதியில் நேராக ஓடிய பலகையை மிதிக்கு எடுத்துக்கொண்டு, வளைந்த துண்டைச் சட்டத்துக்கு ஒதுக்குவது சரியான வழி.

கடைசியாகப் பூச்சு. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும். தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் இறுகாது. சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது அது. விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும். மிதிபலகையின் மேல்பக்கத்துக்குப் பளபளக்கும் பாலிஷ் ஆகாது. ஈரக்காலோடு ஏறுகிற அடுக்களையில் பளபளப்பு வழுக்கிவிடும்.

இப்போது அழகுக்கு வருவோம். ஆணித்துளை, வெடிப்பு, பழைய நிறம் இவற்றை வைத்துக்கொள்வதா, மறைப்பதா? இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஜார்ஜ் நகாஷிமா என்ற ஜப்பானிய அமெரிக்கர், 1937 முதல் சுமார் இரண்டு ஆண்டுகள் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் தங்கி, கோல்கொண்டா என்ற விடுதிக் கட்டடத்தைக் கட்டுவிக்கும் பொறுப்பில் இருந்தவர். பின்னாளில் அமெரிக்காவில் உலகப் புகழ்பெற்ற மரக் கலைஞரானார். வெடித்த பலகையை அவர் எறியவில்லை. வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு கெட்டி மரத்துண்டைப் பதித்து, அது மேலும் விரியாமல் பிடித்தார். அவர் காட்டிய வெடிப்பு, வலு சேர்த்த பிறகு காட்டிய வெடிப்பு. அந்த ஒழுங்கை நாமும் பின்பற்றலாம். பக்கப்பலகையில் ஆணித்துளை இருக்கட்டும். அந்த மரம் எங்கிருந்து வந்தது என்று அது சொல்லும். மிதிபலகையில் இருந்தால் மரமுளை அடித்து அடையுங்கள். காடி எடுக்கும் இடத்தில் இருந்தால் அந்தத் துண்டையே ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது நகரத்துக் கடைகளில் புது மரத்தைச் சங்கிலியால் அடித்துக் காயப்படுத்தி, சாயம் ஏற்றி, பழைய கப்பல் மரம் என்று விற்கும் பழக்கம் வந்திருக்கிறது. குடைந்த மரத்துக்குள் பசையை ஊற்றி மூடி விற்பதும் உண்டு. இரண்டையும் நான் கலையாகக் கொள்ள மாட்டேன். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நேர்மையாகச் செய்த ஸ்டூல் விலை குறைந்து கிடைக்காது. மரம் விறகு விலைக்குக் கிடைத்தாலும், ஆணி பிடுங்கி, ஊற வைத்து, காயவைத்து, இழைத்து, காடி எடுக்கும் கூலி அதன் மேல் ஏறும். பிளாஸ்டிக் ஸ்டூலோடு விலையில் அது போட்டியிட முடியாது. வெயிலில் வெளுத்து ஒருநாள் சட்டென்று கால் ஒடியும் பிளாஸ்டிக்கோடு ஆயுளில் போட்டியிட முடியும். கழன்றால் திரும்ப ஆப்பு அடித்துக்கொள்ளலாம்.

நேயர்களே, இப்படி ஒரு ஸ்டூலை யாராவது உங்களிடம் காட்டினால், மேல்பக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள். காடி இருக்கிறதா, ஆப்பு இறுகியிருக்கிறதா, இழை சரியாக ஓடுகிறதா, புழுத்துளை தென்படுகிறதா என்று தேடுங்கள். தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். பிறகு விலை பேசுங்கள். கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் வள்ளம் உடைக்கிறார்கள் என்று தெரிந்தால், அடுப்புக்குப் போகும் முன் நாலு நல்ல துண்டை எடுத்து வையுங்கள். ஓர் ஓடாவியைத் தேடிப் போய், அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுத்துச் செய்து வாங்குங்கள். மரம் இன்னும் கிடைக்கும். அந்தக் கைக்கு வேலை கொடுக்காமல் விட்டால் அது அடுத்த தலைமுறைக்குக் கிடைக்காது.